செருப்போடு உள்ளே வாங்க!

வாங்க, வாங்க! ஐயோ, செருப்பைக் கழற்றாதீர்கள்! அப்படியே போட்டுக்கொண்டு உள்ளே வாருங்கள். மதுரையில் ஒரு வீட்டுக்காரி வாசலில் நின்று இப்படியும் சொல்வாளா என்று நீங்கள் முழிப்பது தெரிகிறது. என் மாமியார் காதில் விழுந்தால் மூன்று நாள் என்னோடு பேச மாட்டார். ஆனால் என்ன செய்ய? தரையில் குண்டூசி கிடக்கிறது. நேற்று ராத்திரி எண்ணியபோது டப்பாவில் 7 குறைந்தது. காலையில் எங்கள் வீட்டுக்காரர் இரண்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தார், குதிகாலால். மீதி 5 எங்கேயோ பதுங்கியிருக்கின்றன.

போன வாரம் உறவுக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு போட்டோ போட்டேன். கட்டில் நிறைய ஒரு ஒட்டுத்துணிப் போர்வை. குவில்ட் என்று சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் புரிகிறது. 42 கட்டங்கள், பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம், ஓரத்தில் பித்தளைச் செம்பில் நித்தியமல்லி. கைகூப்பலும் இதயமுமாக வந்து குவிந்தன. "பொழுது நல்லாப் போகுது போல" என்று ஒரு சித்தப்பாவிடமிருந்து ஊமைக்குத்து ஒன்றும் வந்தது. அந்தப் போட்டோவுக்கு இரண்டடி தள்ளி என்ன இருந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள். கேட்டதற்குப் பலன், இதோ!

கூட்டினால் குப்பை வராத வீடு

முதலில் கொஞ்சம் பழைய கதை. மகளுக்குப் பெங்களூரில் வேலை. மகனுக்குக் கல்லூரி விடுதி. 2023 ஆகஸ்டில் இரண்டு பேரும் இரண்டு வார இடைவெளியில் கிளம்பிப் போனார்கள். "வீடு வெறிச்சுன்னு இருக்குமே" என்று எல்லோரும் என்னைப் பயமுறுத்தினார்கள். வெறிச்சென்று இருந்ததைத் தாங்கிக்கொண்டேன். வீடு சுத்தமாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

சோபாவில் ஈரத்துண்டு இல்லை. குளியலறைத் தொட்டியில் முடிக்கற்றை இல்லை. ஒருமுறை ஆட்டிய தோசை மாவு புளித்துப்போகும்வரை தீரவில்லை. மகனுடைய சட்டைப் பையில் மிட்டாய்த் தாள் இல்லை. அவன் பள்ளிக்குப் போன நாளெல்லாம் வாஷிங் மெஷினைத் திறந்தால் பச்சை, சிவப்பு, தங்கக் கலர் தாள்கள் ஈரத்துணியில் ஒட்டிக்கொண்டு சிரிக்கும். "பையைக் காலி பண்ணிட்டுப் போடுடா" என்று எத்தனை ஆயிரம் முறை கத்தியிருப்பேனோ.

ஒரு சனிக்கிழமை வீடு முழுக்கக் கூட்டிவிட்டு முறத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கோபம்! "ஒரு நாளாவது இந்த வீட்டைச் சுத்தமா வச்சுக்க விடுறீங்களா?" என்று 22 வருஷமாகக் கேட்டவள் நான்தானே. கேட்ட வரம் கிடைத்துவிட்டது. வரத்தைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கோயிலிலும் கவுண்டர் இல்லை.

தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரின் குரல் கேட்டது அன்றைக்குத்தான். பரணிலிருந்து இரண்டு மூட்டை இறக்கினேன். எல்லாம் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகள். "தூக்கிப் போடும்மா" என்று இரண்டு பேருமே போனில் உத்தரவு கொடுத்திருந்தார்கள். அவர் மூட்டையை அமுக்கிப் பார்த்தார். "ரெண்டுக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் வாளி தர்றேங்க்கா" என்றார். ஒரு வாளியா? எல்கேஜியில் இருந்து பிளஸ் டூ வரைக்கும், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து, ஒரே ஒரு வாளியா? மூட்டையை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினேன்.

குவில்ட் தைக்கத் தொடங்கியதற்கு ஆழமான காரணம் ஏதாவது சொல்வேன் என்று நீங்கள் காத்திருந்தால், மன்னிக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் வாளியின்மேல் வந்த ரோஷம்தான் காரணம்!

மகன் அறையில் இப்போது என் ஆட்சி

இதோ, மகனின் அறை. மெத்தையைச் சுவரோரம் நிறுத்திவிட்டேன். கட்டில்மேல் ஒரு பிளைவுட் பலகை. அதன்மேல் விரித்திருக்கிற பச்சைப் பாய்தான் வெட்டுப்பாய். கத்தி பட்டால் கோடு விழும், சற்றுநேரத்தில் கோடு தானே மூடிக்கொள்ளும். அந்தச் சக்கரக் கத்தியை மட்டும் தொடாதீர்கள்! முதல்நாள் அதைப் பார்த்த எங்கள் வீட்டுக்காரர் முகம் மலர்ந்து, "இன்னைக்கு பீட்சாவா?" என்றார். துணி வெட்டும் இந்தச் சக்கரத்தை 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது. அதுவரை உலகத்தில் குவில்ட் தைத்தவர்கள் துண்டு துண்டாகக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது நாலு மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் சர்ரென்று வெட்டலாம். அந்தச் சத்தம் இருக்கிறதே, அப்பளம் நொறுங்குகிற சத்தத்துக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்த சத்தம் அதுதான்.

மகன் படித்த மேஜையில் இஸ்திரிப் பெட்டி. ஜன்னலோரம் என் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த கால் மெஷின். கருப்பு உடம்பில் தங்கப்பூ பாதி அழிந்திருக்கிறது. அதன் தகட்டில் ஊசிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற காகித டேப்பைப் பாருங்கள். இந்த அறையிலேயே விலைமதிப்பில்லாத பொருள் அதுதான்.

ஏன் தெரியுமா? என் போர்வையின் ஒவ்வொரு கட்டமும் 9 சதுரம். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. குவில்ட் பாஷையில் நைன் பேட்ச். கட்டம் 12 இஞ்ச், அகலத்தில் 6, நீளத்தில் 7. 42 கட்டத்துக்கு 378 சதுரம். ஒவ்வொன்றையும் நாலரை இஞ்சாக வெட்டி, நாலு ஓரத்திலும் கால் இஞ்ச் தையலுக்கு விட்டால், தைத்து முடித்தபின் சரியாக 4 இஞ்ச் நிற்கும். கணக்குப்படி போர்வை 72 இஞ்ச் அகலம். எனக்கு வந்த முதல் வரிசை 70 இஞ்ச்கூட இல்லை!

துணியைச் சுருட்டிக்கொண்டு, பழைய பழக்கத்தில் மீனாட்சியம்மன் கோயில் பக்கம் ஓடினேன். புதுமண்டபத்தில் வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்களிடம் ரவிக்கை தைத்து வளர்ந்தவள் நான். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில், கல் யாளிக்குக் கீழே உட்கார்ந்து அளவெடுத்துக்கொண்ட ரவிக்கை வேறு எந்த ஊரில் கிடைக்கும்? கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. எங்கள் தையல்கார அண்ணனும் அங்கேதான். என் வரிசையைத் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. டேப்பை வைத்தார்.

"தங்கச்சி, கால் இஞ்சுன்னா எத்தனை நூல்?"

"ரெண்டு நூல்ண்ணே."

"நீ ரெண்டரை விட்டிருக்க."

அவ்வளவுதான் விஷயம். ஒரு பக்கம் அரை நூல் கூடினால் இரண்டு பக்கமும் சேர்ந்து தையலுக்கு ஒரு நூல். 18 சதுரத்துக்கு நடுவில் 17 தையல், ஆக 17 நூல். இஞ்சுக்கு 8 நூல். இரண்டு இஞ்சுக்குமேல் தையலுக்குள்ளேயே போய்விட்டது! ஊசியிலிருந்து சரியாகக் கால் இஞ்ச் தள்ளி மெஷின் தகட்டில் டேப்பை ஒட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே ஓட வேண்டும். 378 சதுரமும் அந்த டேப்பை உரசித்தான் வெளியே வந்தன. முதல் வரிசையைப் பாதி பிளேடால் பிரித்து மறுபடி தைத்தேன். பிரிக்க இரண்டு சாயங்காலம், தைக்க ஒரு சாயங்காலம்.

பீரோவுக்குள் ஒரு கொலைக்களம்

இந்தப் பீரோவைத் திறக்கிறேன், கொஞ்சம் விலகி நில்லுங்கள். சரியும். பார்த்தீர்களா, சரிந்துவிட்டது!

இந்த நீலக்கட்டம் போட்டது மகளின் ஸ்கர்ட். டெரிகாட்டன். வழுக்கும், சொன்ன பேச்சுக் கேட்காது, மகளைப் போலவே. இந்த மஞ்சள் மகனின் விளையாட்டுப் பனியன். பனியன் துணி இழுத்த பக்கம் போகும். அதற்குப் பின்னால் காலர் தைக்க வைக்கிற ஒட்டுக் கேன்வாஸை இஸ்திரியால் ஒட்டி முதுகெலும்பு கொடுத்தபிறகுதான் வெட்ட முடியும். வெள்ளைச் சட்டை மட்டும் பத்துப் பதினைந்து. அது ஏன் ரோஸ் கலரில் இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்?

சுங்குடி வேண்டும் என்று அடம்பிடித்தேன். மதுரைக்காரி சுங்குடி இல்லாமல் போர்வை தைத்தால் வைகையில் மிச்சமிருக்கிற தண்ணீரும் வற்றிவிடாதா? சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக விரல்நுனியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய துணி அது. 2005இல் புவிசார் குறியீடும் வாங்கியது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. முடிச்சை அவிழ்த்த இடத்தில் துணி குட்டியாகச் சுருங்கி நிற்கும். இஸ்திரி போட்டு அந்தச் சுருக்கத்தைச் சாகடிக்க மனம் வரவில்லை. புது சிவப்புத் துணியைத் தண்ணீரில் நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பது முதல் பாடம். அந்தப் பாடம் நடந்த அன்று நான் வகுப்புக்கு வரவில்லை. சிவப்புச் சுங்குடியையும் வெள்ளைச் சட்டைகளையும் ஒன்றாக அலசினேன். பள்ளிச் சீருடை கல்யாண வீட்டு ரோஜாப்பூ ஆனது. வெள்ளையாக்க இரண்டு நாள் போராடிவிட்டு, அப்புறம் ரோஸ்தான் அழகு என்று முடிவு செய்தேன்.

இன்னொரு ரகசியம் சொல்கிறேன், காதைக் கொடுங்கள். எங்கள் வீட்டுக்காரர் ஆறு மாதமாக ஒரு நீலக்கோடு சட்டையைத் தேடுகிறார். இஸ்திரிக்காரரையே இரண்டு தடவை விசாரித்துவிட்டார். அது 17ஆம் கட்டத்தில் இருக்கிறது. நடுச் சதுரம். இப்போது ராத்திரி அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறார். இது அச்சில் வந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள், அன்றைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

ஹாலில் கூத்து

378 துண்டையும் இணைத்தால் போர்வை ஆகிவிடாது. மேல்துணிதான் ஆகும். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி என்று மூன்றையும் அடுக்கி, மூன்றையும் ஊடுருவித் தையல் ஓட்டினால்தான் அது குவில்ட்.

"மதுரை வெயிலுக்குப் போர்வை ஒரு கேடா?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டது இந்தக் கட்டத்தில்தான். நியாயமான கேள்வி. இலவம்பஞ்சு வைத்தால் துவைத்ததும் மூலைக்கு மூலை உருண்டுகொண்டு கொழுக்கட்டை ஆகிவிடும். கடையில் விற்கிற பாலியஸ்டர் பஞ்சு வைத்தால் நாங்களே கொழுக்கட்டை ஆகிவிடுவோம், ஆவியில்! அதனால் நடுவில் அவருடைய பழைய வேட்டிகள். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன நாலு முழ வேட்டிகளை ஓரத்தோடு ஓரம் இணைத்தேன். இதற்கு மட்டும் அனுமதி வாங்கினேன்.

சோபாவைத் தள்ளி, டீப்பாயை பால்கனிக்கு அனுப்பி, ஹால் தரையில் அடித்துணியை விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்து நாலு ஓரத்திலும் டேப் ஒட்டினேன். மேலே வேட்டி, அதற்குமேல் ஒட்டுத்துணி. சாணுக்குச் சாண் ஊக்கு. முட்டி போட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குக் குத்திக்கொண்டே வர வேண்டும். 300 ஊக்கு தீர்ந்து எதிர்வீட்டு அக்காவிடம் கடன் வாங்கினேன். நடுவில் எங்கள் வீட்டுக்காரர் உதவிக்கு வந்து ஒரு மூலையைப் பிடித்தார். பிடித்தபடியே கிரிக்கெட் பார்த்தார். விக்கெட் விழுந்ததும் துள்ளினார். அடித்துணியில் இன்றைக்கும் ஒரு கோணல் இருக்கிறது. வடமேற்கு மூலை. அதற்கு அந்த விக்கெட்டின் பெயரையே வைத்திருக்கிறேன்.

கால் மெஷினுக்குள் இவ்வளவு பெரிய சுருள் நுழையாது. அதனால் மூன்று அடுக்கையும் கையாலேயே நூலோட்டம் போட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், காலை நீட்டி, சீரியல் ஓட ஓட. ஒருநாள் 8 வரிசை ஓட்டிவிட்டு, பெருமையாகத் தூக்கி உதறினேன். போர்வையோடு பூத்துவாலை ஒன்றும் எழுந்து வந்தது! மடியில் கிடந்ததையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். 8 வரிசையும் பிரித்தேன். "நல்லவேளை, என்னைத் தைக்கலை" என்றார் எங்கள் வீட்டுக்காரர். தைத்திருக்கலாம், கிரிக்கெட் பார்க்கும்போது துள்ளாமல் இருந்திருப்பார்.

சுவரில் என் கூட்டாளிகள்

அந்தச் சுவரில் ஒட்டியிருக்கிற படங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். விடுதிக்குப் போகுமுன் மகன் ஒட்டியிருந்த கிரிக்கெட் வீரர்களுக்கு மேலேயே ஒட்டிவிட்டேன்.

இது வங்காளத்துக் கந்தா. பழைய புடவைகளை அடுக்கி, அந்தப் புடவைக் கரையிலிருந்தே நூலை உருவி, அதனாலேயே தைத்த விரிப்பு. நம் 'கந்தை'யும் அவர்களுடைய 'கந்தா'வும் ஒரே சொல்லின் பிள்ளைகள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நாம் சொன்னோம். அவர்கள் கசக்கித் தைத்தார்கள்!

இது கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்களின் கவண்டி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். நான் அளவுநாடாவோடு மல்லுக்கட்டுகிறேன். இவர்களோ ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றித் துண்டு வைத்துத் தைத்துக்கொண்டே நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். மூலைக்கு மூலை ஃபூலா என்று மடித்த துண்டு ஒன்று வைப்பார்கள். அது இல்லாவிட்டால் கவண்டி முழுசாகாது. அதைப் பார்த்துத்தான் என் போர்வையின் நாலு மூலையிலும் ஆளுக்கு இரண்டு சீருடைப் பட்டன் தைத்தேன்.

இந்தப் படம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து ஓடும் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர். அங்கே மிசௌரி பெட்வே என்ற கறுப்பினப் பெண்மணி கணவரை இழந்தார். கணவர் வயலுக்குப் போட்டுப்போன துணிகளை வெட்டி 1942இல் ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த இடம், வெயிலில் வெளுத்த இடம் எல்லாம் அப்படியே அதில் தெரியும். இந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தின் சுவரில் ஓவியங்களைப் போலத் தொங்கின. 2006இல் அஞ்சல்தலைகளாகவும் வந்தன. இந்தப் படத்துக்கு முன்னால் மட்டும் நான் ஜோக் அடிப்பதில்லை. என் பிள்ளைகள் பெங்களூரிலும் விடுதியிலும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் வெட்டுகிறது வளர்ந்துவிட்டவர்களின் துணி. இரண்டுக்கும் உள்ள தூரத்தை இந்தப் படம் எனக்கு அடிக்கடி ஞாபகப்படுத்தும்.

சென்னையிலேயே 2019 ஜனவரியில் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் என்று ஒரு திருவிழா நடந்ததாம். அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? மகளின் பிளஸ் டூ வேதியியல் ரெக்கார்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த திருவிழா எப்போது நடந்தாலும் சரி, அண்ணனிடம் புது ரவிக்கை தைத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

"எங்கேம்மா படுக்குறது?"

ஒன்றே முக்கால் வருஷம் ஆயிற்று முடிக்க. தீபாவளிக்கு முந்தின நாள் கடைசி ஓரப்பட்டியைத் தைத்துவிட்டு, போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். அன்று ராத்திரியே மகன் வந்தான். 18 வருஷம் நான் கத்திக் கத்திப் பழக்கியபடி, வாசலில் ஷூவைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தான்.

"போட்டுக்கிட்டே வாடா" என்றேன்.

அறையை எட்டிப் பார்த்தான். பலகை, வெட்டுப்பாய், மலைபோல் துண்டுத்துணி, நாற்காலி காலில் சுற்றிய நூல், மின்விசிறியில் தொங்கிய பிசிறு.

"அம்மா, என்ன இது இவ்வளவு குப்பை? எங்கேம்மா படுக்குறது?"

ஆகா! அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் உடம்பில் ஓடிய குளிர்ச்சியை எப்படிச் சொல்வேன்? இந்த வீட்டில் இப்போது குப்பை போடுகிறவள் நான்! மூலைக்கு மூலை நூல் பிசிறு. எங்கள் வீட்டுக்காரரின் அலுவலகச் சட்டை முதுகில் ஒரு சிவப்பு நூல். போன வெள்ளிக்கிழமை தோசையில்கூட ஒன்று. கூட்டினால் முறம் நிறைகிறது. திட்டுவதற்கு ஆள் இருக்கிறது, திட்டு வாங்குகிறவள் நானாக இருக்கிறேன். பிள்ளைகள் விட்டுப்போன இடத்தை நிரப்பிக்கொள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நிரப்பவெல்லாம் இல்லை. கலைத்துப் போட்டுவிட்டேன்.

மகன் ஹாலில் போர்வைக்குள் படுத்தான். தடவிக்கொண்டே வந்தவன், 31ஆம் கட்டத்தில் நின்றான். "இது என் பாக்கெட்டா?" அவனுடைய ஒன்பதாம் வகுப்புச் சட்டைப் பைதான். மைக்கறையோடு, வாய் திறந்தபடியே வைத்துத் தைத்திருந்தேன். உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் வீடியோ அழைப்பில் போர்வை யாருக்கு என்று அக்காவும் தம்பியும் சண்டை போட்டார்கள். இரண்டு பேருக்கும் கிடையாது, இது எனக்கு என்று சொல்லிவிட்டேன். மகளுக்குப் பெங்களூர்க் குளிருக்குத் தகுந்தமாதிரி பஞ்சு வைத்து வேறொன்று இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறேன். அதுதான் பலகையில் கிடப்பது.

அவன் ஊருக்குப் போன மறுநாள் போர்வையைத் துவைக்கப் போட்டேன். வழக்கம்போல, போடுவதற்குமுன் பையைத் துழாவினேன். விரலில் பட்டது ஒரு மிட்டாய்த் தாள். பச்சைக் கலர்.

போனை எடுத்துக் கத்தோ கத்து என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

சரி, நேரமாகிறது, கிளம்புங்கள். வாசலில் செருப்பை ஒருமுறை நன்றாக உதறிவிட்டுப் போங்கள். அந்த 5 குண்டூசியில் ஒன்று உங்களோடு வந்துவிடப் போகிறது. கிடைத்தால் திருப்பிக் கொடுங்கள், கணக்கு வைத்திருக்கிறேன்!